திராட்சை வளர்ப்பவரை என்னவென்று எழுதுவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பிரெஞ்சுச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பர்கண்டிப் பகுதியில், கணவர் இறந்த பிறகு திராட்சைத் தோட்டத்தைத் தானே நடத்தும் ஒரு பெண்ணின் கதை அது. மூலத்தில் அவரை ‘வின்யெரோன்’ என்கிறார்கள். ‘திராட்சை விவசாயி’ என்று எழுதினால் செய்தித்தாள் வாசகம்போல் இருக்கிறது. ‘கொடிமுந்திரியர்’ என்று புதுச்சொல் ஆக்கலாமா? அல்லது ‘கொடிக்காலர்’ பொருந்துமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திராட்சையைக் குறிக்கும் கொடிமுந்திரி பழைய சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலும் அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்கிறார்கள், கேரளத்தில் முந்திரி என்றாலே திராட்சைதான் என்பதைப் பெரம்பூரில் எந்த மலையாளிக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஒரு மரத்தின் பருப்பு, நம் பக்கத்தில் அந்தப் பெயரை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று வண்ணாரப்பேட்டை மளிகைக்கடையில் முந்திரியும் திராட்சையும் பாயசத்துக்கு வாங்கும் இரண்டு தனிப் பொருள்கள். ‘கொடிமுந்திரியர்’ என்று எழுதினால், உங்கள் வாசகர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்குப் போய்விட்டு, அங்கிருந்து பர்கண்டிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். கொடிக்கால் என்பதோ வெற்றிலைத் தோட்டத்துக்கே உரிய சொல். அதைச் சார்ந்து ஒரு சமூகத்தின் பெயரே அமைந்திருக்கிறது. அதை வேறு பயிருக்கு மாற்ற நமக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன்.

என் பரிந்துரை ‘திராட்சைத் தோட்டக்காரர்’. இதை நான் உண்டாக்கவில்லை. ‘என் பிதா திராட்சத்தோட்டக்காரர்’ என்ற யோவான் சுவிசேஷ வரியைப் பழைய மொழிபெயர்ப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘நட்டு வளர்ப்பவர்’ என்று விரித்துச் சொல்கிறது. பொருள் தெளிவாக இருந்தாலும், கதையில் ஒருவரைத் திரும்பத் திரும்ப அழைக்க அது உதவாது. தோட்டக்காரர் என்றதும் நகரத்தில் நமக்குப் பங்களா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் நினைவுக்கு வருகிறார் என்பது உண்மைதான். ஆனால் தென்மாவட்டங்களில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம், தோட்டக்காரர் அதை வைத்துப் பயிர் செய்பவர். முதல் பத்தியில் ‘திராட்சை’யைச் சேர்த்து எழுதிவிட்டால், பிறகு ‘தோட்டக்காரர்’ என்பது மட்டுமே போதும்.

இந்தச் சொல்லுக்குள் வராத பொருள் ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல் கொடியை வளர்ப்பவரையும் அதன் பழத்திலிருந்து வைன் செய்பவரையும் ஒருவராகவே பார்க்கிறது. நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டைத் தள்ளுவண்டிகளில் விதையோடு கருநீலமாகக் குவிந்திருக்குமே, அதேதான். அதைப் பெரும்பாலும் வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை பேசி எடுத்துப் போகிறார். பழம் வண்டியேறியதும் விவசாயியின் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு தொழிலையும் ஒரே தமிழ்ச்சொல்லுக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பெண் நிலவறைக்குள் இறங்கிப் பீப்பாயைத் திறக்கும் காட்சி கதையில் எப்படியும் வரும், அதுவே சொல்லிவிடும்.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் சேர்க்கக்கூடிய பந்தல். தமிழில் திராட்சை என்று எழுதும் கை தானாகவே ‘பந்தலுக்கடியில் நடந்தாள்’ என்று எழுதிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துத் தலைக்கு மேல் பந்தல் போடுகிறார்கள். பர்கண்டியில் கொடிகள் இடுப்பு அல்லது மார்பு உயரத்துக்கு வரிசையாகக் கம்பியில் கட்டப்பட்டிருக்கும், நடப்பவர் வெயிலில்தான் நடப்பார். கொடியின் கிளைகளை வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் காலத்தைக் கவனியுங்கள். கம்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது, கவாத்து வெட்டுகிற நாளிலிருந்துதான் கணக்கு. ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் தயாராவதால், இரண்டு ஆண்டுகளில் ஐந்து மகசூல் எடுப்பவர்களும் உண்டு. பர்கண்டியில் இலையுதிர்ந்து கொடி உறங்கும் குளிர்காலத்தில் வெட்டுகிறார்கள், ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி. ஏப்ரலில் உறைபனி விழுந்து இளந்தளிர் கருகிவிட்டால் அந்த ஆண்டுப் பிழைப்பே போச்சு என்பதால்தான், இரவில் வரிசைகளுக்கு நடுவே நெருப்பேற்றிக் காவல் இருக்கிறார்கள். இந்த ஒரே வாய்ப்பு என்ற பதற்றம் மொழிபெயர்ப்பில் வந்துவிட்டால், அவரை என்னவென்று அழைத்தாலும் வாசகர் புரிந்துகொள்வார்.

கடைசியாக, பெண்பால். ‘தோட்டக்காரி’ என்று எழுத வேண்டாம். ‘தோட்டக்காரர்’ போலன்றி அந்த விகுதி மதிப்பைக் குறைத்துவிடுகிறது. கூலிக்கு வந்த பெண் என்ற தொனியும் சேர்ந்துகொள்ளும். ‘-ர்’ விகுதியே இருபாலுக்கும் போதும், அவர் பெண் என்பதை வேலையாட்கள் ‘அம்மா’ என்று விளிப்பதில் காட்டிக்கொள்ளலாம். கதையில் வைன் வியாபாரி யாராவது அவரை இளக்காரமாகப் பேசும் இடம் இருந்தால், அங்கே மட்டும் ‘தோட்டக்காரி’ வரட்டும்.