மகள் வனஜீவராசிகள் துறைக்குப் போகட்டுமா?

அன்புள்ள அம்மா,

மகளின் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது, மூன்றாம் முறை எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறாள், வனஜீவராசிகள் பக்கம்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதில் பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளை மூன்றாம் முறை பரீட்சைக்கு இருத்த வேண்டாம். ஆனால் அவளுக்குப் பிடித்தது மிருகங்களையா, அந்த வேலையையா என்று ஒருதடவை ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கிறது.

வேலை என்னவென்று எங்கள் வாசலிலேயே பார்க்கலாம். திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. எல்லை போட்டு, பலகை நட்டு, யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொண்டால் காவல் சரி என்றுதான் அந்தக் காலத்தில் எங்கும் நினைத்தார்கள். கடல் சூடாவதை எந்தப் பலகை மறிக்கும்? வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில கிழமைகள் நீடித்தால் போதும். முருகைக்கல்லுக்குள், அதாவது பவளத்துக்குள், இருந்து அதற்குச் சாப்பாடு கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும், கல் வெளுத்துவிடும். சூடு கெதியாகத் தணிந்தால் தேறும், தணியாவிட்டால் செத்துவிடும். 1998இல் இலங்கையின் பல கரைகளில் அப்படி அழிந்தது. புறாத்தீவு அந்த முறை பெரும்பாலும் தப்பியது, ஆனால் ஒவ்வொரு முறையும் தப்பும் என்று நம்பியிருக்க முடியாது.

பூங்கா அலுவலரால் கடலைக் குளிர்விக்க முடியாது. மற்றத் தொல்லைகளைக் குறைக்கலாம். நங்கூரம் எங்கே போடுவது, ஒரு நாளைக்கு எத்தனை பேரை இறக்குவது, வற்று நேரத்தில் முருகைக்கல்லின்மேல் ஏறி நிற்பவர்களை எப்படித் தடுப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதற்குக் கணக்கு வேண்டும். தண்ணீருக்கு அடியில் அளவுநாடாவை விரித்து, அரை மீற்றருக்கு ஒருதரம் நாடாவுக்குக் கீழே இருப்பது உயிருள்ள கல்லா, செத்த கல்லா, மணலா, பாசியா என்று பிளாஸ்ரிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். அடுத்த வருடமும் அதே இடம், அதே நாடா. சலிப்பான வேலைதான். ஆனால் பத்து வருடக் குறிப்பு கையில் இல்லாதவருக்கு எந்தப் பகுதியை எப்போது மூடுவது என்று சொல்லத் தெரியாது. மூடினால் படகுக்காரரின் உழைப்பு அடிபடும். கரையில் அவர்களோடு இருந்து பேசி இணங்க வைப்பதும் அதே அலுவலரின் கடமை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கடினமான பாடம் அதுதான்.

தரையிலும் நிலைமை அப்படித்தான். கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையைத் தாண்டுகிறோமே, அந்தப் பக்கத்து மின்னேரியாக் குளம் வரட்சியில் வற்றும்போது கரையில் புல் முளைக்கும். அதை மேயத்தான் யானைகள் கூட்டமாக வருகின்றன. நெல்லுக்காகக் குளத்தை நிறைத்து வைத்தால் புல் தண்ணீருக்குள் போய்விடும். மழை முன்பின்னாகும் காலத்தில், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு பேசுவதும் யானைப் பாதுகாப்புத்தான். ஆமைக்கோ மண்ணின் சூடே பிரச்சினை. முட்டை கிடக்கும் மணல் ஏறக்குறைய 29 பாகைக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகளே கூடுதலாகப் பிறக்கும். கடல் மட்டம் ஏறினால் கண்டல் தாவரங்கள் உள்பக்கமாக நகர இடம் வேண்டும். அங்கே மதில் கட்டியிருந்தால் நகர வழியில்லை.

அமெரிக்காவின் தேசிய பூங்காச் சேவை காலநிலையால் வரும் இப்படியான மாற்றத்தை எதிர்த்துப் பழைய நிலையைக் காப்பதா, அப்படியே ஏற்பதா, வேண்டிய பக்கம் வழிநடத்துவதா என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கிறது. உங்கள் மகள் நாளைக்கு எடுக்கவேண்டிய முடிவுகள் இந்த மூன்றுக்குள்தான் வரும்.

இனிப் படிப்பு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் விலங்கியல் படிக்கலாம், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் விஞ்ஞானம் இருக்கிறது. சிறீ ஜயவர்தனபுரவில் வனவியலும் சூழலும், றுகுணுவில் கடற்றொழில், கடல் விஞ்ஞானப் பீடம். பட்டத்தின் பெயரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். புள்ளிவிபரவியலும், கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் புவியியல் தகவல் முறைமையும் தெரிந்த விலங்கியல் பட்டதாரிக்கு எங்கும் மதிப்புண்டு. இரண்டும் தெரியாதவர் திண்டாடுவார். சிங்களம் கட்டாயம் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் கிரித்தலையில் இருக்கிறது, அங்கே கூட வேலை செய்பவர்கள் பேசுவது அந்த மொழிதான்.

சம்பளத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அரச பதவிகள் குறைவு. வர்த்தமானியில் வரும்வரை காத்திருந்து போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். இடமாற்றமும் வரும். அதனால் திணைக்களம் ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம். நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பெரிய கட்டுமானங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் குழுக்கள் என்று வேறு வாசல்களும் உண்டு.

பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்ற உங்கள் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. தூரத்து விடுதிகளில் வசதி குறைவு, இரவுக் கடமையும் வரும். ஆனால் கணக்கெடுப்பு, வரைபடம், கடல் ஆய்வு போன்றவற்றில் பெரும்பகுதி பகல் வேலை, அதுவும் குழுவாகச் செய்வது. எது தனக்குச் சரிவரும் என்று அவளே சொல்லட்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தெரிவுகளைக் குறிக்க முன் இருவரும் ஒருதரம் வாருங்கள். அதற்கு முன் நீச்சல் பழகுவதோடு, வீட்டுக்குக் கிட்டிய கண்டல் கரை ஒன்றில் மாதம் இரண்டு தடவை, ஒரே இடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி, திகதியோடு கொப்பியில் எழுதி வரட்டும். மூன்று மாதம் விடாமல் எழுதினாளென்றால் அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள், அதை வைத்துத்தான் தெரிவுகளின் ஒழுங்கைப் பேசுவோம்.