செரட்டோனின் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணன் இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை சாப்பிடுகிறார். எச்சிலை அனுப்பினால் ‘செரட்டோனின் ஜீன்’ பார்த்துச் சொல்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். எனக்கும் என் 12 வயது மகளுக்கும் எடுத்துவிடட்டுமா? – வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம். அந்தப் பணம் அண்ணனின் மாத்திரைக்கு ஆகட்டும்.

இத்தகைய டெஸ்டுகள் பெரும்பாலும் பார்ப்பது 17-ஆவது குரோமோசோமில் உள்ள எஸ்எல்சி6ஏ4 என்ற ஜீனை. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின். நரம்பு முனை வெளியே விட்ட செரட்டோனினை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தை உண்டாக்குவது இந்த ஜீன். செர்ட்ராலின் அடைத்து நிறுத்துவதும் அதே புரதத்தைத்தான். ஆராய்ச்சியாளர்கள் இதன்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்ததற்கு அதுவே காரணம்.

ஜீனின் முன்பகுதி சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. குட்டையாக இருந்தால் புரதம் குறைவாக உண்டாகும். அவர்களுக்குப் பதற்ற சுபாவம் சற்று அதிகம் என்று 1996-இல் 505 பேரை வைத்து நடந்த ஆய்வு சொன்னது. அந்த ஆய்வின் கணக்கிலேயே, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் இந்த ஜீனின் பங்கு 3, 4 சதவீதம்தான். 2003-இல் நியூசிலாந்தின் டுனெடினில் 847 பேரைப் பார்த்துவிட்டு, குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால் மனச்சோர்வு எளிதில் வருகிறது என்றார்கள். உலகமெங்கும் அது செய்தியானது.

ஆள் எண்ணிக்கை கூடக்கூட அந்தத் தொடர்பு கரைந்துபோனது. 2009-இல் 14 ஆய்வுகளில் இருந்த 14,250 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அது இல்லை. 2019-இல் இதையும் சேர்த்துப் பேர்பெற்ற 18 ஜீன்களை லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன்களைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை. ஒரு படகு ஒரு நாள் கொண்டுவந்த மீனை எண்ணி மன்னார் வளைகுடாவின் மீன்வளத்தைச் சொல்ல முடியுமா? கொஞ்சம் பேரை வைத்துப் பல விதமாகக் கணக்குப் போட்டு, தேறியதை மட்டும் வெளியிட்டதால் வந்த வினை அது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மனச்சோர்வு யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் சுமார் 37 சதவீதம் பரம்பரையால் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது எண்ணற்ற ஜீன்களில் சிதறிக் கிடக்கிறது. 8 லட்சம் பேரைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்று மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 இடங்களை டிஎன்ஏவில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் தூசு அளவு. அதில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதை வைத்து உங்கள் மகளுக்கு மதிப்பெண் போட முடியாது. ரத்தத்தில் செரட்டோனின் பார்ப்பதும் வீண். உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவது; ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழையாது.

எச்சிலுக்குப் பதில் ஒரு தாளை எடுங்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளில் யாருக்கு மனநோய், எத்தனை வயதில் தொடங்கியது, எந்த மாத்திரை கேட்டது, பிரசவத்துக்குப் பின் யாருக்காவது வந்ததா, தற்கொலை முயற்சி உண்டா என்று எழுதுங்கள். தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் உற்சாகமாகத் திரிந்து, கடன் வாங்கிச் செலவு செய்தவர் யாராவது இருந்தால் அதை முதல் வரியில் எழுதி, அண்ணனின் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் செர்ட்ராலின் போன்ற மாத்திரை சிலரைச் சோர்வின் மறுகோடியான அந்த மிதமிஞ்சிய உற்சாகத்துக்குத் தள்ளிவிடும். மகளிடம் எரிச்சல், தூக்கக்கேடு, பள்ளிக்குப் போக மறுப்பு இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். எந்த நேரத்திலும் 14416-இல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் கிடைக்கும்; இலவசம்.

கேள்வி: மாப்பிள்ளையின் அம்மாவுக்கு பைபோலார் நோய். மாப்பிள்ளைக்கும் வருமா? சம்பந்தத்தை விட்டுவிடலாமா? – வாசகர், கீழக்கரை

பதில்: மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் பைபோலார். பொதுவாக 100-க்கு ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 100-க்கு 5 முதல் 10 பேர் வரை வரலாம். வராதவர்களே மிகப் பெரும்பான்மை. பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கிவிடும் நோய் இது. மாப்பிள்ளை அந்த வயதை நல்லபடியாகத் தாண்டியிருந்தால் ஆபத்து இன்னும் குறைவு. ஒளிக்காமல் சொன்ன குடும்பத்தை அதற்காகவே ஒதுக்குவது நியாயமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு லித்தியம் நன்றாகக் கேட்டது. எனக்கும் அதையே எழுதியிருக்கிறார்கள். உப்பளத்தில் வேலை. ஒத்துக்கொள்ளுமா? – வாசகர், வாலிநோக்கம்

பதில்: பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை கேட்பது குடும்பவாகாக வருவதுண்டு, அப்பாவின் அனுபவம் நல்ல அறிகுறிதான். கவலை உங்கள் வேலையைப் பற்றியது. வெயிலில் வியர்வையோடு நீரும் உப்பும் போய்விட்டால், சிறுநீரகம் மிச்ச உப்பை இறுக்கிப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்கவேண்டியது 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. நாள் முழுக்கக் கைகால் உப்பில் இருந்தாலும், போன உப்பு வாய்வழியாகத்தான் திரும்ப வரவேண்டும். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பிறகு மோர், தண்ணீர் என்று தவறாமல் குடியுங்கள். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இடுப்புவலிக்கு டைக்ளோபினாக் ஊசியோ ஐபுபுரூபன் மாத்திரையோ வேண்டாம், பாராசிட்டமால் போதும். ரத்தக்கொதிப்பு மாத்திரை எழுதும்போதும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும். லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள். கை உதறல் அதிகமாகி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினாலோ, வாந்தி பேதி நிற்காவிட்டாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.