கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன், ஒரு வருட மருந்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். டோஹாவில் வேலை, பயணத்துக்கு இன்னும் பத்து வாரம். பிறஷருக்கு லொசார்ட்டன் 50 மி.கி. ஒன்று, சீனிக்கு மெட்போமின் 500 மி.கி. இருவேளை, கொலஸ்ட்ரோலுக்கு இரவில் அட்டோர்வஸ்டட்டின் 10 மி.கி., இரண்டு வருடமாக நித்திரைக்கு குளோனசிப்பாம் 0.5 மி.கி. இங்கே விலை குறைவு என்பதால் ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். முதல் மூன்றும் சிக்கலில்லாதவை, டோஹாவில் தாராளமாகக் கிடைப்பவை. உங்கள் பத்து வாரத்தையும் தின்னப்போவது நாலாவது குளிசைதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

குளோனசிப்பாம் கட்டாரில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டயசிப்பாம், அல்பிரசோலம், டிரமடோல், கொடீன் சேர்ந்த வலிக் குளிசைகளும் இருமல் பாணிகளும் அதே வரிசையில் வரும். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பிரீகபலினில். சீனி வருத்தக்காரர்களின் கால் எரிவுக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதிக் கொடுக்கிறார்கள், யாரும் அதை நித்திரைக் குளிசையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வளைகுடாவில் அது போதைக்காகப் பாவிக்கப்படும் மருந்தாகப் பார்க்கப்படுகிறது. டொக்டர் தந்ததுதானே என்று விமான நிலையத்தில் நின்று விளக்கினால் எடுபடாது.

ஆகவே இந்த வாரமே உங்கள் டொக்டரைப் பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதை நிறுத்த முடியுமா, அல்லது கட்டுப்பாடு இல்லாத வேறொன்றுக்கு மாற்ற முடியுமா? பயணத்துக்கு முதல் நாள் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு வருடம் எடுத்த குளோனசிப்பாமைத் திடீரென்று விட்டால் நித்திரை முற்றாகப் போகும், கை நடுங்கும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரும். அதுவும் புது நாட்டில், புது வேலையின் முதல் வாரத்தில். படிப்படியாகக் குறைக்க 0.5 மி.கி. எடுப்பவருக்கே பல வாரம் பிடிக்கும். பத்து வாரம் கையில் இருப்பது உங்கள் நல்ல காலம். வலிப்பு நோய்க்காக எடுப்பவர் என்றால் கதை வேறு, அவர் நிறுத்தவே கூடாது. கொழும்பிலுள்ள கட்டார் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அடுத்தது பேப்பர் உறை. அரச கிளினிக்கிலும் பல பாமசிகளிலும் குளிசையை எண்ணி, ஒரு சின்ன உறையில் போட்டு, பேனையால் ‘மெட் 500, காலை 1 இரவு 1’ என்று எழுதித் தருவார்கள். வீட்டுக்கு அது போதும். சுங்க அதிகாரியின் கண்ணுக்கு அது பெயரில்லாத வெள்ளை வட்டக் குளிசை, எதுவாகவும் இருக்கலாம். முழு அட்டையாக வாங்குங்கள். பத்துக் குளிசை அட்டையை ஆறாக வெட்டினால் காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள ஓரம் பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடும். பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். லிப்டன் சுற்றுவட்டத்து ஒசுசல போன்ற பெரிய பாமசியில் வாங்கினால் அச்சிட்ட பில்லும் கிடைக்கும், அதை டொக்டரின் கடிதத்தோடு வையுங்கள். திங்கள், செவ்வாய் என்று அறை பிரித்த டப்பா வைத்திருந்தால் அதை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

கடிதம் என்றால் கிளினிக் கொப்பியின் போட்டோ பிரதி அல்ல. டொக்டரின் தலைப்புக் கடிதத் தாளில், ஆங்கிலத்தில், டைப் செய்து வாங்குங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப் பெயர் (‘மிஸ்டர் சிவா’ என்றெல்லாம் எழுதினால் பயனில்லை), கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, என்ன வருத்தம், மருந்தின் மூலப்பெயர் (கம்பனி வைத்த பெயர் அல்ல), மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, கொண்டுபோகும் மொத்த எண்ணிக்கை, கடிதத் திகதி, டொக்டரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கம், கையெழுத்து, முத்திரை. நம் டொக்டர்கள் பழக்கத்தில் ‘மானே’, ‘நொக்டே’, ‘பி.டி.’ என்று லத்தீன் சுருக்கம் எழுதுவார்கள். காலை, இரவு, இருவேளை என்று முழுச்சொல்லாக எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று மருந்தோடு, ஒன்று கடவுச்சீட்டோடு, ஒன்று போனில் படமாக. கடிதத்துக்கு அத்தாட்சி தேவையா என்று தூதரகத்தைக் கேட்காமல் பத்தரமுல்லை சுகுறுபாயவிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு ஓட வேண்டாம், ஒரு நாள் லீவு வீணாகிவிடும்.

எவ்வளவு கொண்டுபோவது? கட்டாருக்கு 30 நாள் அளவோடு நிறுத்துங்கள். உங்கள் கணக்கில் மெட்போமின் 60, மற்ற இரண்டும் 30 வீதம். மொத்தம் 120 குளிசை, பன்னிரண்டு அட்டை. ஒரு வருடத்துக்கென்றால் 1,460 குளிசை வரும், அது சொந்தப் பாவனை என்று எந்தச் சுங்கமும் நம்பாது. நம்பினாலும், ஆறு மாதத்தில் டொக்டர் அளவை மாற்றினால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஒரு நாள் பிந்தி வருவது அதிசயமில்லை.

மற்ற நாட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக: டுபாய், அபுதாபி பக்கம் போகிறவர்கள் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு எமிரேட்ஸ் அரசின் இணையத்தளத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். சவூதியிலும் உணவு மருந்து அதிகாரசபையின் இணைய அனுமதி இருக்கிறது. ஜப்பானுக்கு டொக்டர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு மேல் போனால் ‘யுன்யூ ககுனின்ஷோ’ என்ற இறக்குமதிச் சான்று தேவை. அம்பெட்டமின் (மூளையைத் தூண்டும் மருந்து) கலந்த மருந்துக்கு அங்கே எந்தக் கடிதமும் செல்லாது. அவுஸ்திரேலியா பொதுவாக மூன்று மாத அளவை விடும், கடிதம் வேண்டும்.

இன்சுலின் எடுப்பவர்கள் இதை வாசியுங்கள். பெட்டியில் போட்டுச் சரக்கு அறைக்கு அனுப்பினால் உறையக்கூடும், உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் வேலை செய்யாது. ஐஸ் கட்டியோடு நேரடியாக முட்ட வைப்பதும் அதே பிழைதான், இடையில் ஒரு துணி வேண்டும். ஊசிதான் பெரிய ஆபத்து. இங்கே பாவிப்பது ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு இன்சுலின், அதற்குச் செம்மஞ்சள் மூடியுள்ள 100 அலகு ஊசி. அறைத் தோழரிடம் இந்தியாவிலிருந்து வந்த சிவப்பு மூடி 40 அலகு ஊசி இருந்து, அவசரத்துக்கு அதை வாங்கி அதே கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு.

பெயர் மாற்றம் இன்னொரு பொறி. இங்கே லொசார்ட்டனுக்கு ஒரு கம்பனிப் பெயர், டோஹாவில் வேறொன்று. இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. பிறஷர் இறங்கித் தலை சுற்றும் வரை தெரியாது. கம்பனிப் பெயரை மறந்துவிட்டு மூலப்பெயரை மனப்பாடம் செய்யுங்கள். நிறத்தையும் நம்பாதீர்கள்: இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்பரின் பிரித்தானியாவில் இளஞ்சிவப்பு என்றால் 5 மி.கி., அமெரிக்காவில் அதே நிறம் 1 மி.கி. தைரொயிட்டுக்கு எடுக்கும் தைரொக்சின் கம்பனி மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், வார்பரினுக்கு அதைவிட விரைவாக.

‘மகனுக்கு இந்தப் பாசலை மட்டும் கொண்டுபோய்க் குடுங்கோ, மருந்துதான்’ என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்பா. மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயர் இல்லாத மருந்துக்கு உங்களிடம் கடிதம் இல்லை, பிடிபடுவது நீங்கள். நாட்டு மருந்து லேகியங்களும் வேண்டாம். மதன மோதகம் என்று விற்பதில் கஞ்சா சேரும். கசகசா கூட எமிரேட்ஸிலும் சவூதியிலும் தடை, அம்மா கட்டித் தரும் மசாலாவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா வேலைக்குப் போகுமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் நாளில் குளிசையை ஒளிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நிறுத்திவிட்டுப் போனால் பிறஷரும் சீனியும் கூடித்தான் காட்டும், கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டுவதே உங்களுக்கு லாபம்.

டோஹாவில் இறங்கியதும் வதிவிட அட்டை வரச் சில வாரம் எடுக்கலாம், அரச சுகாதார நிலையத்துக்கான அட்டை அதற்குப் பிறகுதான். உங்கள் 30 நாள் அதற்குள் ஓடிவிடும். அதனால் முதல் சம்பளத்துக்கு முன்பே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போகக் காசு ஒதுக்கி வையுங்கள். பத்துக் குளிசை மிஞ்சும்போதே போங்கள், கடைசி அட்டை முடியும் வரை நிற்க வேண்டாம். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சீனிப் பரிசோதனை (HbA1c), சிறுநீரகப் பரிசோதனை அறிக்கைகளையும் கொண்டுபோனால் அங்குள்ள டொக்டர் மெட்போமினை மறுபேச்சில்லாமல் தொடருவார், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உங்கள் செலவில் மறுபடி எடுக்கச் சொல்வார்.

லீவில் கொழும்புக்கு வந்து திரும்பும்போதும் இதே 30 நாள் கணக்குத்தான். பழைய கடிதத்தோடு போகாமல் புதிய திகதியிட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள்.