காப்பி மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. தேசிய சேவை முடித்ததும் தியோங் பாருவில் ஒரு கஃபேயில் காப்பி போடும் பரிஸ்தாவாகச் சேர்ந்தான். இப்போது வீட்டிலும் ஒரு பழைய மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கக் காப்பியில் இதயம், இலை என்று வரைந்து படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுகிறான். தினமும் ஒரு லிட்டர் பால் சிங்க்கில் போகிறது. பாலைக் கொட்டுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா? – வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, முதலில் பாலைக் காப்பாற்றுவோம். ஒரு கோப்பைக்கு 150 மில்லி என்று வைத்தாலும் உங்கள் லிட்டரில் ஆறு கோப்பைதான் வரும். கை பழக ஆறு போதாது. அதனால் பரிஸ்தாக்கள் பலரும் செய்வதைச் செய்யச் சொல்லுங்கள்: ஜக்கில் குளிர்ந்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மெஷினின் ஆவிக்குழாயை அதில் விட்டால் ஏறக்குறையப் பால் மாதிரியே நுரை கட்டும். காப்பிக்குப் பதில் கோக்கோ தூளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். அதில் முப்பது முறை ஊற்றட்டும். கடைசி இரண்டு கோப்பை மட்டும் நிஜப் பால், நிஜக் காப்பி. ஒன்று உங்களுக்கு, ஒன்று அவனுக்கு.

இனி உங்கள் கேள்வி. என் அத்தா சரபத் கடையில் தே தாரிக் இழுத்தவர். இரண்டு குவளைக்கு நடுவே ஒரு முழத்துக்கு மேல் தேநீர் கயிறு மாதிரி தொங்கும். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள், அவரும் அதற்காகவே கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். ஆனால் அப்படி இழுத்தால்தான் கட்டிப்பால் சரியாகக் கலக்கும், குடிக்கிற சூட்டுக்கு ஆறும், மேலே நுரை நிற்கும். வேடிக்கையும் வேலையும் ஒரே கைவீச்சில் நடந்தன. உங்கள் மகன் செய்வதும் அந்த ஜாதிதான்.

அந்த இலைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆவிக்குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்தில் லேசாக மட்டும் நனைத்தால், காகிதம் கிழிகிற மாதிரி ‘ச்ச்’ என்று ஒரு சத்தம் வரும். காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஜக்கு உடம்புச் சூட்டுக்கு வந்ததும் குழாயை இன்னும் கொஞ்சம் இறக்கி, பாலைச் சுழலவிட வேண்டும். பெரிய குமிழெல்லாம் உடைந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாகும். 60, 65 டிகிரியில், அதாவது ஜக்கைப் பிடித்த கை பொறுக்க முடியாமல் போகும்போது நிறுத்திவிட வேண்டும். 70 தாண்டினால் பாலின் இனிப்பு மங்கி, காய்ச்சிய வாடை ஏறிவிடும். சரியாக வந்த பால் ஈரப் பெயின்ட் மாதிரி பளபளக்கும். இலை விழுவது அந்தப் பாலில்தான். பாத்திரம் கழுவ விட்ட நுரை மாதிரி இருந்தால், எப்பேர்ப்பட்ட கைக்காரர் ஊற்றினாலும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

நான் முதன்முதலில் ஒழுங்காக ஓர் இலை ஊற்றிய அன்று அத்தாவுக்குத்தான் கொடுத்தேன். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாய் குடிப்பார், கோப்பையைச் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி குடிப்பார். இலை சிறிதாகிக்கொண்டே இறங்கியது, ஒவ்வொரு மடக்குக்கும் கோப்பைச் சுவரில் ஒரு பழுப்பு வளையம். அடியில் விரல் நகம் அளவுக்கு வந்தபோதும் காம்பு தெரிந்தது. “பால் நல்லா வந்திருக்கு” என்றார்.

நீங்களும் அப்படிப் பாருங்கள், சகோதரி. இன்று ராத்திரி மகன் கையால் ஒரு கோப்பை வாங்கி, படம் அடிவரை இறங்குகிறதா, பாதியிலேயே நுரை ஒரு பக்கம், காப்பி ஒரு பக்கம் என்று பிரிகிறதா என்று கவனியுங்கள். அடிவரை இறங்கினால் அவன் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான். வேலையில் நிலைக்க இது மட்டும் போதாது. காலை எட்டு மணி வரிசையை அசராமல் சமாளிக்கவும், அரைக்கும் மெஷினை அன்றன்றைக்குச் சரிசெய்யவும், ஒவ்வொரு முறையும் ஆவிக்குழாயை உடனே துடைக்கவும் பழக வேண்டும். அப்புறம், பால் ஊற்றுவதற்கென்றே 2005 முதல் உலகப் போட்டி நடக்கிறது. 2018இல் பட்டம் வென்றவர் பக்கத்து மலேசியாக்காரர். படம் எடுத்துப் போடுவதை ஏன் தடுக்க வேண்டும்? போடட்டும்.

கேள்வி: ஆறு மாதமாகப் பழகுகிறேன், அண்ணே. கூட வேலை செய்பவர்கள் காப்பியில் அன்னப்பறவை வரைகிறார்கள். எனக்கு இதயமே சில நாள்தான் வருகிறது. ஓட் பாலில் சுத்தமாக வருவதில்லை. – ஜூரோங் வாசகர்

பதில்: தம்பி, அன்னத்தை மறந்துவிடுங்கள். சில நாள் வருகிற இதயம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. போட்டிகளில் ஒரே படத்தை இரண்டு கோப்பையில் அச்சு மாறாமல் ஊற்றச் சொல்வார்கள். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாக ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிழை தானாகத் தெரியும்.

பெரும்பாலும் உயரத்தில்தான் பிழை இருக்கும். மேலேயிருந்து ஊற்றினால் பால் வேகத்தோடு, காப்பியின் மேல் படர்ந்திருக்கும் பழுப்பு நுரையான கிரெமாவுக்கு அடியில் போய்விடும், வெள்ளை தெரியாது. கோப்பை பாதிக்கு மேல் நிறைந்ததும் ஜக்கின் மூக்கு காப்பியைத் தொடுகிற அளவுக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் நுரை மேலே மிதக்கும். பயந்து பயந்து இரண்டு விரல் உயரத்திலேயே நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கோப்பையைச் சாய்த்துப் பிடியுங்கள், தைரியமாக இறங்குங்கள், வட்டம் விரிந்ததும் ஜக்கைத் தூக்கி மெல்லிய கோடாகக் குறுக்கே இழுங்கள். இதயம்.

ஓட் பாலில் புரதம் குறைவு, அதனால் சாதாரண ஓட் பாலில் நுரை நிற்காது. பரிஸ்தாக்களுக்கென்று தனியாக விற்கிறார்கள், எண்ணெய் கூடுதலாகச் சேர்த்தது. அதையே வாங்கச் சொல்லுங்கள். கை பழகும்வரை பசும்பால்தான், கொழுப்பு நீக்காதது.

கேள்வி: நம் காப்பிக்கடை கோப்பியில் மட்டும் ஏன் யாரும் படம் போடுவதில்லை? – ஓய்வுபெற்ற வாசகர், 68, தோ பாயோ

பதில்: ஐயா, படம் நிற்க அடியில் ஒரு தாள் வேண்டும். அழுத்தத்தில் பிழிந்த எஸ்பிரெசோவின் மேல் கிரெமா என்று பழுப்பு நுரை படர்கிறதே, அதுதான் தாள். கோப்பியைத் துணி வடிகட்டியில் ஊற்றி இறக்குகிறார்கள், அதில் கிரெமா கிடையாது. கட்டிப்பாலும் கனம், நேரே அடிக்குப் போய்விடும். கரண்டியால் கலக்குவதற்கு முன் ஒருமுறை கண்ணாடிக் குவளையில் வாங்கிப் பாருங்கள், ஐயா. கீழே வெள்ளை, மேலே கறுப்பு, நடுவில் நேர்கோடு.