கட்டுரை ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுத ஆசை. உட்கார்ந்தால் இரண்டு பத்தி ஓடுகிறது. அப்புறம் சோழர் காலத்து ஏரி, பருவமழை, சீமைக் கருவேலம் என்று எங்கெங்கோ போய் நின்றுவிடுகிறது. இப்படி ஏழெட்டு வரைவுகள் கிடக்கின்றன. திட்டமிட்டு எழுது என்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது? திட்டம் போட்டால் எழுத்தில் உயிர் இருக்குமா?

பதில்: உங்கள் சிக்கலுக்கு நன்னூலிலேயே பெயர் இருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் அடுக்குகிறார். அதில் ‘மற்றொன்று விரித்தல்’ ஒன்று, ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று. கண்மாயில் தொடங்கிச் சோழரிடம் போனது முன்னது. வரைவு பாதியில் நின்றது பின்னது. நான் பார்த்தவரை இரண்டும் சேர்ந்துதான் வரும். 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்த தொல்லை, ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

‘கண்மாய்’ என்பது பொருள்தான், கட்டுரை ஆகாது. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு. ஒவ்வொன்றைப் பற்றியும் நூறு விஷயம் சொல்லலாம். எதைச் சொல்வது என்று முடிவாகாததால்தான் பேனா எல்லாப் பக்கமும் ஓடுகிறது. முதலில் பொருளைக் கேள்வியாக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற மாதிரியான கேள்வியாக இருக்க வேண்டும். ‘மழை பெய்தும் நம்ம கண்மாய் ஏன் நிறையல?’ என்பது நல்ல கேள்வி. ‘கண்மாய்களின் முக்கியத்துவம்’ என்பது பள்ளிக்கூடத் தலைப்பு. எத்தனை திருத்தியிருப்பீர்கள், உங்களுக்கே தெரியும்.

அடுத்து, உங்களுக்கு இப்போது தெரிந்த பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தப் பதிலை நம்ப வைக்க என்னென்ன சொல்ல வேண்டுமோ, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத்தாளில் முழு வாக்கியமாக எழுதுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘வரத்துக்கால்’ (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), ‘கலுங்கு’ (நிரம்பிய நீர் வழிந்தோடும் இடம்), ‘பராமரிப்பு’ என்று ஒற்றைச் சொற்களாக எழுதி, திட்டம் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைச் சொல் எதையும் சொல்வதில்லை, அதனால் தெரியாததை மறைத்துவிடும். வாக்கியம் மறைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் நம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். அங்கே கலுங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே மண்ணை வைத்து அடைத்தால் அவர்களுக்கு நீர் கூடும், நமக்கு வரத்துக் குறையும். வரத்துக்கால் … இடத்தில் தூர்ந்திருக்கிறது. வண்டல் அள்ளுவது நின்றதால் கண்மாய் முன்பு கொண்ட தண்ணீரை இப்போது கொள்வதில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டது, பார்த்தீர்களா? உங்கள் வரைவுகளும் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் நின்றிருக்கும். கையில் விஷயம் தீர்ந்ததும் மனம் தெரிந்த சோழரிடம் ஓடிவிடுகிறது. அதற்கு மேசையில் மருந்து கிடையாது. ஒரு நாள் காலையில் வரத்துக்கால் ஓரமாக நடந்து பார்க்க வேண்டும். மடை திறந்து அடைத்த பழைய நீர்பாய்ச்சி யாராவது ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். கண்மாய் யார் பொறுப்பு என்பதையும் விசாரியுங்கள்: ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. யாரிடம் முறையிடுவது என்று கேட்கும் வாசகருக்கு இந்த ஒரு வரி போதும்.

துண்டுகள் ஏழெட்டு சேர்ந்ததும் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு துண்டைப் படித்தவருக்கு அடுத்து என்ன கேட்கத் தோன்றுமோ, அதுதான் அடுத்த துண்டு. முன்னுரையைத் தேடி நேரம் போக்காதீர்கள். நன்றாகத் தெரிந்த துண்டிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம், தொடக்கம் கடைசியில் கிடைக்கும். எதை விடுவது என்பதற்கும் ஒரு தாள் வேண்டும். மேலே ‘இப்போது இல்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். சோழர் அதற்குப் போகட்டும். சீமைக் கருவேலம் வரத்துக்காலை அடைத்திருந்தால் உள்ளே வரலாம், கரைமேல் சும்மா நிற்கிறதென்றால் அதுவும் இந்தத் தாளுக்குத்தான். மனதுக்குப் பிடித்ததை வெட்டி எறிவது கஷ்டம். எடுத்து வைப்பது அவ்வளவு வலிக்காது.

உயிர் போய்விடுமா என்று கேட்டீர்கள். திட்டத்தில் வைப்பது வரிசை மட்டும்தான். எந்தச் சொல், எந்த நையாண்டி, நீர்பாய்ச்சியின் எந்தப் பேச்சு என்பதெல்லாம் எழுதும்போதுதான் வரும். பாதியில் இதைவிட நல்ல பதில் கிடைத்தால் பழைய துண்டுகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடுக்குங்கள். எனக்கு அடிக்கடி நடக்கும். ஒன்று மட்டும் விதிவிலக்கு. அப்பாவுடன் கண்மாயில் மீன்பிடித்த நாள் என்று நினைவுக் கட்டுரை எழுதுவதானால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். எழுதிவிட்டு அப்புறம் வெட்டலாம்.

சரி, அந்த ஏழெட்டு வரைவுகள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத பத்தி வெறும் ஓட்டம், அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் நான்கைந்தாவது மேலே சொன்ன கேள்விக்குப் பதிலாக வந்து உட்காரும், பாதித் துண்டுகள் அங்கேயே தயார்.