சட்டம் வந்துவிட்டது, கட்டடம் எங்கே?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். வாஷிங்டனும் பார்ப்பதாகத் திட்டம். பெண்கள் வரலாற்றுக்கென்று அங்கே தேசிய அருங்காட்சியகம் அமைக்க 2020-லேயே சட்டம் வந்துவிட்டதாகப் படித்தேன். மசோதா இன்னும் நாடாளுமன்றத்தில் இருப்பதாகவும் செய்தி வருகிறது. எது சரி? பேத்தியை அங்கே கூட்டிப்போக முடியுமா?”

நீங்கள் படித்த இரண்டுமே சரிதான், அம்மா. ஆனால் பேத்தியைக் கூட்டிப்போக முடியாது. கட்டடம் இன்னும் எழும்பவில்லை.

2020 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தால் குழப்பம் தெளியும். அந்த வருஷத் தொடக்கத்திலேயே பிரதிநிதிகள் சபை இந்த மசோதாவைப் பெரும்பான்மையோடு நிறைவேற்றிவிட்டது. டிசம்பர் 10 அன்று செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தபோது, யூட்டா மாநில செனட்டர் மைக் லீ ஆட்சேபித்தார். ஒருமனதான ஒப்புதலுக்கு ஒரே ஒருவர் மறுத்தாலும் போதும், அங்கேயே நின்றுவிடும். ஆதரவாளர்கள் விடவில்லை. 5,500 பக்கங்களுக்கு மேல் நீண்ட செலவின மசோதாவுக்குள் இதையும் சேர்த்தார்கள். டிசம்பர் 27 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின்படி, அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஓர் அங்கமாக அமெரிக்கப் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் பிறந்தது. கட்டும் செலவில் பாதியை அரசு தரும், மீதிப் பாதியை நன்கொடையாகத் திரட்ட வேண்டும்.

இதைப் பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டா இன்னும் கைக்கு வரவில்லை.

சிக்கல் முழுவதும் இடத்தில்தான். நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை நீளும் ‘நேஷனல் மால்’ பசுந்திடலின் மையப் பகுதியை ‘ரிசர்வ்’ என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. இனி அங்கே புதிதாக எதையும் கட்டக் கூடாது என்று 2003-இல் முடிவானது. 2022 அக்டோபரில் ஸ்மித்சோனியன் ஆட்சிக்குழு பொருத்தமானவை என்று சொன்ன இரண்டு இடங்களும் அந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன. அதில் ஒன்று வாஷிங்டன் நினைவுத்தூணுக்கு அருகில், ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே கட்ட வேண்டுமானால் நாடாளுமன்றம் தனியாக விலக்குத் தர வேண்டும். இப்போது செய்தியில் அடிபடும் மசோதாவின் முக்கிய வேலை அதுதான். நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் கட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்து, கூடாது. மாலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடக்கிற தூரத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். மக்கள்தொகையில் பாதிப் பேரின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் மட்டும் பார்த்தால் போதாது. நாடாளுமன்றம் அமைத்த ஆய்வுக்குழுவும் 2016 அறிக்கையில் மாலில் முக்கியமான இடம்தான் வேண்டும் என்றது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமே கணக்கு. சட்டம் 2003-இல், இடம் முடிவானது 2006-இல், திறப்பு 2016-இல். இங்கே அரசியல் இழுபறியும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் வந்த அதிபர் ஆணை இந்த அருங்காட்சியகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே ஆண்களைப் பெண்களாக அங்கீகரிக்கக் கூடாது என்றே பேசியது. உங்கள் பேத்தி கல்லூரி முடிப்பதற்குள் திறந்தால் நல்லது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் ‘தேசியப் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம்’ என்று ஒன்று வரும். அது வேறு. 1996-இல் தொடங்கிய தனியார் தொண்டு அமைப்பு, பெரும்பாலும் இணையத்தில்தான் இயங்குகிறது. முகவரியைப் பார்த்துவிட்டு டாக்சி பிடிக்க வேண்டாம்.

ஆனால் அந்த அமைப்பின் தொடக்கக் கதைக்குச் சாட்சியான ஒன்றைப் பேத்திக்குக் காட்டலாம். நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுக்கூடமான ரொடண்டாவில், வாக்குரிமைக்குப் போராடிய லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. அந்தோணி மூவருக்கும் ஒரே சலவைக்கல் பாளத்தில் சிலை இருக்கிறது. செதுக்கியவர் அடிலெய்ட் ஜான்சன் என்ற பெண். 1921-இல் நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 75 வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. மேலே ஏற்றும் செலவைக்கூட அந்த அமைப்பும் மற்றப் பெண்களுமே நன்கொடை திரட்டிக் கொடுத்த பிறகு, 1997-இல்தான் ரொடண்டாவுக்கு வந்தது. பேத்தியைச் சிலைக்குப் பின்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று தலைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய துண்டு செதுக்கப்படாமல் கரடுமுரடாக நிற்கும். சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது, இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் விண்வெளி அருங்காட்சியகம். 1932-இல் அமேலியா ஏர்ஹார்ட் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய சிவப்பு விமானத்தை அங்கே பார்க்கலாம். அதுவும் இலவசம்தான், ஆனால் நேரச்சீட்டை முன்கூட்டியே எடுப்பது நல்லது.

மசோதாவைப் பின்தொடர விரும்பினால் நாடாளுமன்றத்தின் ‘காங்கிரஸ் டாட் கவ்’ தளத்தில் பிரதிநிதிகள் சபை மசோதா எண் 1329 என்று, 119-ஆவது காங்கிரஸில் (நாடாளுமன்றத்தின் ஈராண்டுக் காலத்தை அங்கே அப்படித்தான் எண்ணுகிறார்கள்) தேடுங்கள். 2025-இல் நியூயார்க் உறுப்பினர் நிக்கோல் மாலியோடாக்கிஸ் கொண்டுவந்தது. அந்தக் காங்கிரஸின் ஆயுள் 2027 ஜனவரி 3 வரைதான். அதற்குள் நிறைவேறாவிட்டால் மசோதா காலாவதியாகிவிடும். மறுபடி புது எண்ணில் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் “மசோதா அறிமுகம்” என்று மறுபடியும் செய்தி வரும்.