ஆட்டு வாலடியில் மீண்டும் மீண்டும் புழு: மருந்தை மட்டும் நம்பலாமா?

கேள்வி: மழை விட்ட சில நாட்களில் மூன்று செம்மறிகளுக்கு வாலடியில் புழு வைத்துவிட்டது. மருந்து தெளித்ததும் ஆறியது. ஒன்றுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. பராமரிப்பிலேயே இதைத் தடுக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். மருந்து இருக்கிற புழுவைத்தான் கொல்லும். ஈயை வரவழைப்பது ஈரமும் சாணமும் மூத்திரமும் ஊறிய ரோமம். அது அப்படியே இருந்தால் மருந்தின் வீரியம் குறைந்ததும் ஈ திரும்பி வரும். ஒரு பச்சை ஈ ஒரே தடவையில் 200 முட்டை வரை இடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

முதலில், மறுபடி புழு வைத்த ஆட்டின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கழிச்சல் காய்ந்து கட்டிகட்டியாக ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் பிரச்சினை குடலில். சாணத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். மழைக்குப் பின் இளம்புல்லை ஒரேயடியாக மேய்ந்தாலும் கழியும். கொஞ்சம் காய்ந்த தீவனமும் கொடுங்கள்.

அப்புறம் கத்தரி. ஈக்காலம் தொடங்கும் முன்பே வாலடி, தொடை இடுக்கு ரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட வேண்டும். பலரும் புழு வந்த பிறகுதான் கத்தரியைத் தேடுகிறார்கள்! வால் நறுக்கும் வழக்கம் இருந்தால் பெட்டைக்குறியை மூடும் அளவாவது விடுங்கள். மிகக் குட்டையாக நறுக்கினால் புழு வைப்பது கூடும். கிடாக்களுக்குக் கொம்பு இடுக்கையும் பாருங்கள், முட்டிக்கொண்ட காயத்தில் ஈ உட்காரும்.

ஈக்காலத்தில் தினமும் மந்தையை நின்று பார்க்க வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டே இருப்பது, காலை உதைப்பது, பின்பக்கத்தைத் திரும்பிக் கடிப்பது, தனியே ஒதுங்கி நிற்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பிடித்து ரோமத்தை விலக்கிப் பாருங்கள். புழு இருந்தால் சுற்றிலும் நல்ல தோல் தெரியும்வரை, மூன்று விரல் அகலம் கூடுதலாகவே ரோமத்தை வெட்டுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் வெந்துவிடும். ஆடு சோர்ந்து படுத்தாலோ, புண் ஆழமாக இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்டிய ரோமத்தைத் தரையில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வெயில் காலத்தில் மூன்று வாரத்துக்குள் புது ஈயாக வந்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, புழு சாகும்வரை நல்ல வெயிலில் போட்டுவையுங்கள். செத்த ஆட்டை உடனே ஆழமாகப் புதையுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரே ஆட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அதை மந்தையிலிருந்து கழித்துவிடுங்கள். பின்பக்கத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஆடுகளுக்கு இது அதிகம். அந்த வாகு குட்டிகளுக்கும் இறங்கும்.